கழுத்துக்குள் புதைந்த ராஃபியா கயிறு: ஒரு தோட்டத்து நாயின் நிகழ்வு ஆய்வு

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டாரத்துச் செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டம் ஒன்றில், காலையில் ஆட்களைப் பெயர் கூப்பிடும் பழைய பெரட்டுக்களத்தை ஒட்டிய கொட்டகைக்கு அடியில் கிடந்தது அந்தப் பெட்டை நாய். முதலில் தெரிந்தது நாற்றம்தான். செத்த எலி எங்கேயோ கிடக்கிறது என்று இரண்டு நாள் கொட்டகையைக் கூட்டிப் பார்த்திருக்கிறார்கள். மூன்றாம் நாள், உரச்சாக்கு அடுக்குக்குப் பின்னாலிருந்து தலையைச் சாய்த்தபடி அது வெளியே வந்தபோதுதான் கழுத்தைச் சுற்றி ஈ மொய்ப்பதைப் பார்த்தார்கள்.

தோட்டத்தின் பெயரும் ஆட்களின் பெயரும் இங்கே வேண்டாம். இந்தக் காயம் தோட்டப்புறங்களில் அடிக்கடி கண்ணில் படுவது. பல நாய்களிடம் கண்டதை ஒரே நாயின் மேல் வைத்து எழுதியிருக்கிறோம்.

பார்த்தவர்கள் எல்லாரும் சொன்னது ஒன்றே: "யாரோ பாராங்கால வெட்டிட்டாங்க." பாராங், அதாவது தோட்டத்து வெட்டுக்கத்தி, விழுந்த வெட்டு ஒரு பக்கம் ஆழமாக விழும், மறு பக்கம் தோல் முழுதாக இருக்கும். இந்தக் காயமோ கழுத்தை முழு வட்டமாகச் சுற்றியிருந்தது, ஆழமும் ஏறக்குறைய ஒன்றுபோல. அப்படிப்பட்ட காயத்தைக் கண்டால் உள்ளே ஏதோ கட்டு இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். தோட்டத்தில் அது காட்டுப்பன்றிக்கு வைத்த கம்பிக் கண்ணியாக இருக்கலாம். 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் கண்ணி வைப்பதைத் தடை செய்தும் செம்பனை ஓரங்களில் அது இன்னும் கிடைக்கிறது. கம்பி என்றால் காயம் ஒரே இரவில் விழுந்திருக்கும், விளிம்பு கூர்மையாக இருக்கும். இங்கே விளிம்பு தடித்து, உருண்டு, சில இடங்களில் மேல்தோல் மூடவும் தொடங்கியிருந்தது. மாதக்கணக்கில் நடந்த வேலை அது.

உள்ளே இருந்தது ராஃபியா கயிறு. கடையில் பொட்டலம் கட்டுகிறோமே, அதே சிவப்பு பிளாஸ்டிக் ராஃபியா. இரண்டு மாதக் குட்டியின் கழுத்துச் சுற்றளவு 18, 20 சென்டிமீட்டர் இருக்கும். எட்டு மாதத்தில் நாட்டு நாய்க்கு 30 சென்டிமீட்டரைத் தாண்டிவிடும். கயிறு வளராது. தட்டையாக இருக்கும் ராஃபியா இழுபட இழுபட முறுக்கிக்கொண்டு நூல்போல மெலிகிறது, மெலிந்ததும் அறுக்கத் தொடங்குகிறது. தோல் அழுகுகிறது, வீங்கிய சதை இரு பக்கமிருந்தும் கயிற்றின் மேல் ஏறி மூடுகிறது. மேலே முடி வேறு மறைக்கும். அதனால் தினமும் சோறு வைக்கும் ஆளுக்கும் தெரியாமல் போகிறது. தெரிவதற்கு முன் வரும் அறிகுறிகள் இவை: தலையைக் குனிந்து சாப்பிடாது, பின்காலால் ஓயாமல் கழுத்தைச் சொறியும், குரைப்பு கம்மிப்போகும், தாடைக்குக் கீழே நீர் கோத்து முகம் உப்பியதுபோல் இருக்கும்.

பிடிக்கத் தொடங்குவதற்கு முந்தின நாள் ஒருவர் நல்ல எண்ணத்தில் ஒரு தவறு செய்திருந்தார்: மோட்டார் சைக்கிளிலிருந்து வடித்த கறுப்பு எண்ணெயைத் தூரத்திலிருந்து காயத்தில் ஊற்றிவிட்டார். புழுவுக்கு அது கைமருந்து என்பது தோட்டத்தில் பழைய நம்பிக்கை. மண்ணெண்ணெயும் ஊற்றுவார்கள், அந்துருண்டையைப் பொடித்தும் போடுவார்கள். மேலே இருக்கும் புழுக்கள் நெளிந்து விழுவதால் மருந்து வேலை செய்ததுபோல் தோன்றும். ஆழத்தில் இருப்பவை இன்னும் உள்ளே போகும். திறந்த சதை மண்ணெண்ணெயில் வெந்துபோகும், நாய் அதை நக்கி வாந்தி எடுத்தால் எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கும். அந்துருண்டை ரத்த அணுக்களையே உடைக்கும். இந்த நாய்க்கு எண்ணெய் ஊற்றியதால் நேர்ந்த முதல் நட்டம் வேறு: மனிதர் பக்கத்தில் வந்தாலே ஓடத் தொடங்கிவிட்டது.

பிடிப்பது

கழுத்தில் காயம்பட்ட நாயைச் சுருக்குக் கம்பால் பிடிக்கவே கூடாது. கயிறு, வாரி, பெல்ட் எதையும் கழுத்தில் போடக்கூடாது. இதைச் சொல்லவும் வேண்டுமா என்று தோன்றும். ஆனால் நாயைப் பிடி என்றால் எல்லார் கையும் தானாகப் போவது கழுத்துக்குத்தான். கொட்டகைப் பக்கத்து வீட்டுப் பாட்டி துண்டை எடுத்துக்கொண்டு போனபோது பின்னால் நின்ற பையன் கத்தியது சரியான எச்சரிக்கை: "பாட்டி, கழுத்துல கைய வெக்காதீங்க!"

கூண்டுதான் வழி. நீளம் 90 சென்டிமீட்டருக்குக் குறையாத, மிதித்தால் கதவு விழும் கூண்டு. கதவைக் கயிற்றால் திறந்தபடி கட்டிவைத்து, இரண்டு நாள் அதே நேரத்தில் உள்ளே சோறு வைத்தார்கள். சார்டின் டின் மீன், அதன் சாறு பிசைந்த சோறு. மணம் தூரத்துக்குப் போகும் என்பதுதான் சார்டினின் சிறப்பு, நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) மிச்சத்துக்கு அது கிடையாது. முதல் நாள் வாசலில், இரண்டாம் நாள் நடுவில், மூன்றாம் நாள் மிதிபலகைக்குப் பின்னால். கதவு விழுந்ததும் கூண்டு முழுவதையும் துணியால் மூடினார்கள். இருட்டில் நாய் அமைதியாகும். மூடாவிட்டால் கம்பியில் முட்டி மூக்கையும் பல்லையும் உடைத்துக்கொள்ளும்.

காயம் காலிலோ இடுப்பிலோ என்றால் முறை வேறு. லோரி மோதிய நாயை இருவர் சேர்ந்து பலகையிலோ விரித்த சாக்கிலோ இழுத்து ஏற்ற வேண்டும், முதுகை வளைக்கக்கூடாது. வாய்க்கட்டு போட ஒரு மீட்டருக்கு மேல் நீளமான துணிப்பட்டை வேண்டும்: மூக்குமேல் ஒரு சுற்று, தாடைக்குக் கீழே ஒரு முடிச்சு, காதுக்குப் பின்னால் அவிழ்க்கும் முடிச்சு. மூச்சு வாங்கினாலோ வாந்தி எடுத்தாலோ மூக்கில் ரத்தம் வந்தாலோ வாய்க்கட்டு போடவே கூடாது. ஈறு வெளிறியிருந்தால் உள்ளே ரத்தம் போகிறது என்று பொருள். அடிபட்ட நாய் ஒரு நாள் முழுதும் சிறுநீர் கழிக்காவிட்டால் மூத்திரப்பை உடைந்திருக்கலாம். வலிக்கு வீட்டிலிருக்கும் பெனடோல் (பாராசிட்டமால்), ஐபுப்ரோஃபென் எதையும் கொடுக்காதீர்கள். ஐபுப்ரோஃபென் நாயின் வயிற்றைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

கூண்டைத் தூக்கும்போது பையனின் கட்டைவிரலில் பல் கீறியது. சின்னக் கீறல், ரத்தம் ஒரு சொட்டு. பைப்புத் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவச் சொல்லி, அன்றே அரசாங்க சுகாதார கிளினிக்குக்கு அனுப்பியது சரியான செயல். வெறிநாய்க்கடி தீபகற்பத்தில் இல்லை என்று அலட்சியமாக இருக்க முடியாது. 2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மூன்றிலும் அது வந்தது, 2017இலிருந்து சரவாக்கில் தொடர்கிறது. கடித்த நாய் 10 நாள் கண்காணிப்பில் உயிரோடும் நலமாகவும் இருந்தால், கடித்த அன்று அதன் எச்சிலில் கிருமி இல்லை என்று கொள்ளலாம். பிடித்த நாயை உடனே எங்கேயாவது கொண்டுபோய் விட்டுவிட்டால் இந்தக் கணக்கே போடமுடியாது. மருத்துவர் ஊசி சொன்னால், 10 நாள் பார்த்துவிட்டுப் போடலாம் என்று தள்ளாமல் அன்றே தொடங்க வேண்டும்.

கிளினிக்கில்

கால்நடை கிளினிக் இருக்கும் ஈப்போ நகருக்கு 30 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. கிளம்பும் முன்பே போனில் இரண்டு செய்தி சொன்னார்கள்: கழுத்துக் கட்டும் புழுவும் இருக்கின்றன, காலை ஏழு மணிக்குச் சோறு தின்றிருக்கிறது. இரண்டாவது செய்தியைப் பலரும் மறந்துவிடுவார்கள். மயக்க மருந்து கொடுக்கும்போது வயிற்றில் சோறு இருந்தால் வாந்தி மூச்சுக்குழாய்க்குள் போகும். கூண்டில் வைக்கும் சோற்றை அளவாக வைப்பதற்கும் காரணம் இதுதான்.

எடை 9.6 கிலோ. காய்ச்சல் 39.9 பாகை. நலமான நாய்க்கு 39.2 வரை இருக்கலாம். ஈறு வெளுத்திருந்தது. காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் உண்ணி. ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு 22 சதவீதம், 37க்கு மேல் இருக்கவேண்டியது. ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களும் குறைவு. உண்ணிக் காய்ச்சல் சோதனையில் எர்லிக்கியா உறுதியானது. மலத்தில் கொக்கிப்புழு முட்டை. கழுத்து மட்டும் பிரச்சினை என்று வந்தவர்களுக்கு இது எதிர்பாராத செய்தி. தெருவில் கிடந்த நாய்க்கு ஒரே நோய் இருப்பதுதான் அபூர்வம்.

செலவை முதலிலேயே கேட்டுக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. "டாக்டர், எங்ககிட்ட இவ்வளவுதான் வெள்ளி இருக்கு, இதுக்குள்ள எது முதல்ல?" என்று கேட்டால் எந்த நல்ல மருத்துவரும் வரிசைப்படுத்திச் சொல்வார். இந்த வழக்கில் வரிசை: கயிறு, புழு, ரத்தச் சோதனை, மாத்திரை. எக்ஸ்ரே விடப்பட்டது, தேவையும் இல்லை. கால்நடை சேவைத் துறையின் மாவட்ட கிளினிக்குகளில் கட்டணம் தனியாரைவிடக் குறைவு, ஆனால் மயக்கம் கொடுத்துச் செய்யும் வேலை எங்கே நடக்கும், எந்த நாளில் நடக்கும் என்று முன்கூட்டிக் கேட்க வேண்டும்.

மயக்கத்தில் முடியை மழித்தபோதுதான் கயிற்றின் ஒரு நுனி தெரிந்தது. தொண்டைப் பக்கம் அது ஒரு விரற்கடை ஆழத்தில் இருந்தது. அதற்கும் கீழே பெரிய ரத்தக் குழாய்கள் ஓடுகின்றன. வீட்டில் கத்தரிக்கோலை விட்டு அறுக்கப் பார்ப்பது ஏன் ஆபத்து என்பது அங்கே கண்ணால் பார்த்தால் விளங்கும். மொட்டை முனைக் கத்தரியால் பிடரிப் பக்கத்தில் வெட்டி, உப்புநீரால் நனைத்து நனைத்து உருவினார்கள். வெளியே வந்த கயிறு ஒரு சாண் நீளம்தான். அதில் கட்டிய முடிச்சு இரட்டை முடிச்சு, அவிழாமலிருக்க நுனியைத் தீயில் உருக்கி ஒட்டியிருந்தார்கள். தானாகக் கழுத்தில் மாட்டிக்கொண்ட கயிறு இல்லை என்பதற்கு அந்த உருகிய நுனியே போதும்.

புழு, திருகுப்புழு வகை. சாதாரண ஈப்புழு செத்த சதையைத் தின்னும், திருகுப்புழு உயிருள்ள சதையைத் தின்னும். ஈ காயத்தின் விளிம்பில் நூறு இருநூறு முட்டை இடுகிறது, ஒரு நாளுக்குள் பொரிகிறது, தலையைக் கீழே நுழைத்து வாலை மேலே வைத்தபடி கூட்டமாகத் துளைக்கிறது, ஐந்தாறு நாளில் முற்றி மண்ணில் விழுகிறது. வால்முனையில்தான் அதற்கு மூச்சுத் துளை. காயத்தின் அடியில் சிறு துளைகளும், அவற்றில் எழுந்து அடங்கும் வெள்ளைப் புள்ளிகளும் தெரிந்தால் அது இதுதான். 11.4 மில்லிகிராம் நிட்டென்பைரம் மாத்திரை ஒன்று கொடுத்தார்கள், அரைமணி நேரத்தில் புழுக்கள் தளர்ந்து வெளிவரத் தொடங்கின. மிச்சத்தை இடுக்கியால் நசுக்காமல் ஒவ்வொன்றாக எடுத்தார்கள்.

காயத்தைத் தைக்கவில்லை. அழைத்துப்போனவர்களுக்கு இது பெரிய வருத்தம், "இவ்வளவு பெரிய ஓட்டைய அப்படியே விட்டுட்டாரே" என்று. சீழ் பிடித்த காயத்தைத் தைத்து மூடினால் சீழ் உள்ளேயே தங்கி, ஐந்தாம் நாள் தையல் பிய்ந்து வெளியே வரும். திறந்து விட்டால் அடியிலிருந்து சதை வளர்ந்து தானாகச் சுருங்கி மூடும்.

கையில் கொடுத்தனுப்பிய மருந்து: காயத்துக்கு அமாக்சிசிலின்-கிளாவுலனேட், வலிக்கு எடைக்கு அளந்த மெலாக்சிகாம், உண்ணிக் காய்ச்சலுக்கு டாக்சிசைக்ளின் தினம் 100 மில்லிகிராம், 28 நாள். டாக்சிசைக்ளின் மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டால் அங்கேயே புண்ணாக்கும். அதனால் சோற்று உருண்டைக்குள் வைத்துக் கொடுத்து, பின்னாலேயே தண்ணீரோ கொஞ்சம் கோழிச் சாறோ இறங்க வேண்டும்.

வீட்டில்

பாட்டி வீட்டு அஞ்சடியில் (வீட்டு முன்புறத் தாழ்வாரத்தில்) கூண்டு வைத்தார்கள். கழுவும் நீர்: ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் 9 கிராம் உப்பு, அதாவது சமமாக வழித்த ஒன்றரைத் தேக்கரண்டி. ஊசி கழற்றிய 20 மில்லி சிரிஞ்சால் காலை, மாலை பீய்ச்ச வேண்டும். போவிடோன் அயோடினை நேராக ஊற்றினால் புதுச் சதையையும் கொல்லும். பால் ஊற்றாத மெல்லிய தேநீர் நிறத்துக்கு நீர்த்தால் போதும். கழுத்தில் துணியை இறுக்கிச் சுற்றக்கூடாது, வீக்கம் கூடினால் மூச்சு அடைபடும்.

சொறிவதைத் தடுப்பதில்தான் எல்லாருக்கும் திண்டாட்டம். வழக்கமான கூம்பு வளையம் காயத்தின் மேலேயே உட்காரும், போட முடியாது. இங்கே பயன்பட்டவை பின்னங்கால் இரண்டுக்கும் குழந்தைக் காலுறை, கணுக்காலில் ஒட்டும் துணிப்பட்டை, கழுத்து வெட்டிய பழைய டீ சட்டை. காலுறையைத் தினம் மாற்ற வேண்டும், ஈரத்தோடு விட்டால் விரலிடுக்கு புண்ணாகும்.

ஆறாம் நாள் மறுபடி புழு. முதல் நாள் காயத்தின் மேல்பக்கத் தோல் மடிப்புக்குள் இருந்த முட்டைகளை யாரும் கவனிக்கவில்லை. கழுவும்போது பார்ப்பதற்கு எளிதான நடுப்பகுதியை மட்டும் பார்த்துவிட்டு விட்டார்கள். மடிப்பைத் தூக்கி, டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும், புதுச் சதை மூடும்வரை தினமும். கூண்டைக் கொசுவலையால் மூடியதும் அந்தத் தொல்லை நின்றது. பத்தாம் நாள் காயம் சிவப்பாக, மணல்மணலாக, தொட்டால் ரத்தம் கசிவதாக மாறியபோது பாட்டி பயந்துவிட்டார். அது நல்ல சதை, துடைத்து எடுக்கக்கூடாது.

அடுத்த தவறு பெரியது. பன்னிரண்டாம் நாள் நாய் குதித்து விளையாடியது, டாக்சிசைக்ளினை நிறுத்திவிட்டார்கள். இருபதாம் நாள் மறுபடி சோறு தொடவில்லை, ஈறில் குண்டூசித் தலை அளவு சிவப்புப் புள்ளிகள். தட்டணு மறுபடி விழுந்திருந்தது. 28 நாள் கணக்கு முதலிலிருந்து தொடங்கியது. உண்ணியை விட்டுவிட்டு உண்ணிக் காய்ச்சலை மட்டும் பார்ப்பதும் வீண். நாய் உண்ணி, லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) பலகைச் சுவரின் இடுக்கில், ஆள் உயரத்துக்கும் மேலே போய் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். மாதம் ஒரு மாத்திரையோ மூன்று மாதத்துக்கு ஒரு மாத்திரையோ நாய்க்கு, இடுக்குகளுக்குத் தனி மருந்து, இரண்டும் வேண்டும்.

காயம் மூடி முடிய ஆறு வாரம் ஆனது. முடி முளைக்காத ஒரு வளையம் மட்டும் நிரந்தரமாக நிற்கும்.

இது யாருடைய நாய்?

2017 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்த 2015ஆம் ஆண்டு விலங்குநலச் சட்டத்தின்படி (சட்டம் 772) விலங்கை வதைத்தால் 20,000 முதல் 100,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம், மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். அந்தச் சட்டம் பணம் கொடுத்து வாங்கியவரை மட்டும் பார்ப்பதில்லை, நாயைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவரையும் பார்க்கிறது. "நான் சோறு மட்டும்தான் வெக்கிறேன், என் நாய் இல்ல" என்ற பேச்சு லயத்தில் செல்லும், அலுவலகத்தில் செல்லாது.

இன்னொன்றையும் நேராகச் சொல்லிவிட வேண்டும். ரப்பர் போய் செம்பனை வந்து, லயங்கள் காலியாகி, குடும்பங்கள் மலிவுவிலை அடுக்குமாடிக்குப் போனபோது நாய்கள் தோட்டத்திலேயே நின்றுவிட்டன. அடுக்குமாடியில் நாய்க்கு இடமில்லை. இன்றைக்குத் தோட்டநகரங்களில் திரியும் நாய்களில் பலவற்றின் தாயோ பாட்டியோ ஒரு வீட்டு நாய். நாய் பிடிக்கும் வண்டி வரும்போது திட்டுகிறோம். அந்த வண்டியை வரவழைத்தவர்கள் பெரும்பாலும் குட்டியைக் கொண்டுவந்து பெருக்க விட்டவர்கள்தான்.

பாட்டி அந்த நாயை வைத்துக்கொள்ளத் தீர்மானித்தபோது எழுந்த வேலைகள் இவை. உள்ளூர் மன்றத்தில் உரிமம்: பொதுவாக டிசம்பர் 31இல் காலாவதி, ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். வீட்டு வகைக்கு எத்தனை நாய் என்ற வரம்பு மன்றத்துக்கு மன்றம் வேறு, கவுண்டரில் கேட்பதே நல்லது. தடுப்பூசி: காய்ச்சல் இருக்கும்போது போடக்கூடாது, டாக்சிசைக்ளின் முடிந்து ரத்தம் தேறிய பிறகு. குட்டியாக இருந்தால் ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி 16 வாரம் வரை மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை. இதயப்புழு மருந்து மாதந்தோறும், சோதனைக்குப் பிறகு. கொசு கடித்து ஏறிய புழு சோதனையில் தெரிய ஆறு மாதம் பிடிக்கும். குடற்புழு மருந்து, இரண்டு மூன்று வாரத்தில் மறுமுறை.

கருத்தடை தள்ளிப்போனது, வேண்டுமென்றே. தட்டணு குறைந்த நாயை அறுத்தால் ரத்தம் நிற்காது. ரத்தச் சோதனை சரியான பிறகு, பதினோராம் வாரம் செய்தார்கள். அதுவரை அஞ்சடிக் கதவைச் சாத்திவைத்தது கட்டாயம். ஆறேழு மாதத்துக்கு ஒருமுறை பருவம், 63 நாள் சினை, ஒரு ஈற்றுக்கு ஐந்தாறு குட்டி என்று போட்டுப் பாருங்கள்.

சோறு விஷயத்தில் பாட்டியோடு வாக்குவாதம் நடந்தது. வெறும் சோறும் குழம்பும் ரத்தம் குறைந்த நாய்க்குப் போதாது. குழம்பில் இருக்கும் வெங்காயம் சிவப்பணுக்களை உடைக்கும், இரத்தசோகை நாய்க்கு அது இன்னொரு அடி. அவித்த கோழியும் ஈரலும் கலந்த சோறு, உப்பில்லாமல். வெந்த கோழி எலும்பு வேண்டவே வேண்டாம். தண்ணீர் கிலோவுக்கு 50, 60 மில்லி, தகரக் கூரைக்குக் கீழே அதுபோல் இரண்டு மடங்கு.

பக்கத்து வீடு மலாய் முஸ்லிம் குடும்பம். நாயின் ஈரம் அவர்கள் வாசலில் படாமல், மலம் அவர்கள் வேலியோரத்தில் கிடக்காமல் பார்ப்பது நாய் வளர்ப்பவரின் பொறுப்பு. கட்டை வேலி போட்டு, தினம் காலையில் சாலையோரமாகக் கயிற்றில் நடத்தி, பையில் அள்ளி வந்தார்கள். ஒட்டுக்கடைக்கு எதிரே தெருநாய்களுக்குச் சோறு கொட்டும் பழக்கத்தையும் பாட்டி நிறுத்தினார், புகார் எழுவதே அங்கிருந்துதான்.

கழுத்துப்பட்டை இனி இந்த நாய்க்குக் கிடையாது. வடுவின் தோல் மெல்லியது. மார்புப் பட்டை போட்டு, உரிம வில்லையை அதில் கோத்திருக்கிறார்கள். கழுத்துப்பட்டை போடும் குட்டிக்கு அளவு இரு விரல்: பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவே இரு விரல் தாராளமாக நுழைய வேண்டும், ஏழு நாளுக்கொருமுறை பார்க்க வேண்டும், வளர்ந்து முடியும்வரை.

கயிற்றின் வழியைத் தேடியதில் அது மூன்றாம் வரிசை லயத்தில் போய் நின்றது. அங்கே ஒரு வீட்டுப் பிள்ளைகள் அந்த ஈற்றுக் குட்டிகள் எல்லாவற்றுக்கும் "பெல்ட்டு" கட்டியிருக்கிறார்கள், அவிழாதபடி நுனியைத் தீக்குச்சியால் உருக்கி. மூன்று குட்டி ஏற்கனவே எங்கேயோ போய்விட்டது. மிச்சம் ஒரு கடுவன், வாசலில் படுத்திருந்தது, கழுத்தில் அதே சிவப்பு ராஃபியா. முடியை ஒதுக்கிப் பார்த்தால் தோல் இன்னும் கிழியவில்லை, சிவந்த கோடு மட்டும். அந்த வீட்டு அம்மா உள்ளே போய் கத்தரிக்கோலை எடுத்து வந்தார். வெட்ட ஒரு நிமிடம் ஆகவில்லை.